முன்னாள் ராணுவத்தினருக்குப் பேச்சு சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரில் பார்த்தது மனசை விட்டுப் போகாமல் வாட்டும் நோய்க்கு, தெரபிஸ்டிடம், அதாவது மனநலச் சிகிச்சையாளரிடம், பேசிப் பெறுவதுதான் இந்தச் சிகிச்சை. அதைப் பற்றிப் பட்டாளத்துக்காரர் இருக்கும் வீடுகளில் புழங்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் அமெரிக்கா அடிக்கடி தலைகாட்டும். வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான் என்று போருக்குப் போய்த் திரும்பியவர்களிடம் இந்தச் சிகிச்சைகளை அதிகம் சோதித்துப் பார்த்தது அங்கேதான். முன்னாள் படையினருக்கென்றே தனித் துறையும் மருத்துவமனைகளும் அங்கே உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்பது அந்த நோயின் முழுப் பெயர். ஒவ்வொரு முறையும் அதை எழுதினால் மூச்சு வாங்கும், அதனால் பிடிஎஸ்டி.

போருக்குப் போன எல்லாருக்கும் பிடிஎஸ்டி வருமா?

வராது. வியட்நாம் போய் வந்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1988ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அப்போதும் பிடிஎஸ்டி இருந்தது. ஏதாவது ஒரு காலத்தில் இருந்தவர்களையும் சேர்த்தால் 30 சதவீதம். போர் முடிந்து பத்து வருஷம் தாண்டி எடுத்த கணக்கு இது.

கெட்ட கனவு வந்தாலே பிடிஎஸ்டி என்று முடிவு கட்ட வேண்டாம். பார்த்த காட்சி கூப்பிடாமலே திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மனசு மரத்துப் போவது அல்லது தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது, எந்நேரமும் உஷாராகவே இருப்பது. இந்த நான்கும் ஒரு மாசத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால்தான் அந்தப் பெயர்.

மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் லேசாகிவிடும் என்கிறார்களே, அவ்வளவுதானா இந்தச் சிகிச்சை?

கொட்டுவது மட்டும் என்றால் பழைய நண்பர்கள் இரண்டு பேர் போதும், தெரபிஸ்ட் எதற்கு?

ஒரு மாதிரிக்கு இப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இராக்கில் லாரி ஓட்டியவர். சாலையோரக் குப்பை மூட்டைக்குள் வெடிகுண்டு இருந்த ஊர் அது. திரும்பி வந்து சொந்த ஊரில் கார் ஓட்டும்போதும் ஓரத்தில் பிளாஸ்டிக் பை கிடந்தால் நடுரோட்டுக்கு வந்துவிடுகிறார். கொஞ்ச நாளில் அந்தச் சாலையே வேண்டாம் என்று சுற்றிப் போகிறார். பிறகு காரே ஓட்டுவதில்லை. பிறகு கடைக்குப் போவதில்லை, மகளின் பள்ளி விழாவுக்குப் போவதில்லை. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் மனசு நிம்மதியாகிறது. சிக்கலே அந்த நிம்மதிதான். "பார்த்தாயா, தவிர்த்ததால்தான் தப்பித்தாய்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அந்தப் பையில் வெறும் குப்பைதான் இருந்தது என்று அதற்குத் தெரியவரவே இல்லை.

நினைவுக்கும் இதே கதைதான். வரும்போதெல்லாம் தள்ளிவிட்டால் அது அரைகுறையாகவே கிடக்கும், மறுபடி வரும். வீட்டில் நாம் சொல்லும் "அதையே நினைச்சிட்டு இருக்காதே, மறந்துடு" என்ற அறிவுரை, நல்ல மனசோடு சொன்னாலும், நோய் செய்யும் வேலைக்கே கைகொடுக்கிறது.

இது சமீபத்திய கண்டுபிடிப்பா?

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் உலகப் போரில் குண்டு வீச்சுக்குப் பிறகு நடுங்கிக்கொண்டும் பேச்சிழந்தும் வந்த சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1915ல் எழுதினார். 'ஷெல் ஷாக்' என்ற சொல் அப்போதுதான் மருத்துவ இதழில் ஏறியது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் ரிவர்ஸ் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட அதிகாரிகளைப் பார்த்தார். போர்க் கவிஞர் சசூன் அவருடைய நோயாளி. இன்னொரு போர்க் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனும் அதே மருத்துவமனையில்தான் இருந்தார், வேறு மருத்துவரிடம்.

ரிவர்ஸ் 1917 டிசம்பரில் பேசிய ஓர் உரையில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஓர் இளம் அதிகாரி தன் நண்பனைத் தேடிப் போகிறார். உடல் சிதறிக் கிடக்கிறது, தலையும் கை கால்களும் தனித்தனியாக. அன்றிலிருந்து தூங்கினால் அந்தக் கோலத்தில் நண்பன் வருகிறான். "நினைக்காதே, நல்ல விஷயங்களை நினை" என்றுதான் அவருக்கு எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பகலெல்லாம் பாடுபட்டு ஒதுக்கி வைப்பார், ராத்திரி கனவு வந்துவிடும்.

ரிவர்ஸ் வேறொரு பக்கத்தைக் காட்டினார். உடல் அப்படிச் சிதறியிருக்கிறது என்றால் உங்கள் நண்பர் அந்தக் கணமே இறந்திருக்கிறார். காயத்தோடு கிடந்து துடிக்கவில்லை. அதிகாரியின் முகம் தெளிந்தது. இனி ஒதுக்க மாட்டேன், இப்படி நினைத்துப் பார்க்கிறேன் என்றார். சில ராத்திரிகள் கனவே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தது. நண்பன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் உறவினர்களுக்குக் கொடுக்க உடம்பிலிருந்த மதிப்புள்ள பொருட்களை எடுப்பதாக, அவன் பெல்ட்டைக் கழற்றுவதாகக் கனவு. விழித்தபோது அழுதுகொண்டிருந்தார். இந்த முறை பயத்தில் இல்லை, துக்கத்தில்.

எல்லாரிடமும் இது பலித்தது என்று ரிவர்ஸ் சொல்லிக்கொள்ளவில்லை. அதே உரையில், ஆறுதல் தரும் ஒரு நுனியைக்கூடப் பிடிக்க முடியாத வேறொரு நோயாளியைப் பற்றியும் சொன்னார். கடைசியில் அவர் படையை விட்டே போக வேண்டியதாயிற்று.

சரி, இப்போது தெரபிஸ்ட் அறைக்குள் என்னதான் நடக்கும்?

ஒரு முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா உருவாக்கியது. தமிழில் 'நீடித்த எதிர்கொள்ளல்' என்று சொல்லலாம். வாரம் ஒன்று அல்லது இரண்டு செஷன், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை, மொத்தம் 8 முதல் 15.

முதல் செஷன்களில் கதைக்குள் போவதில்லை. நோய் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம், மூச்சுப் பயிற்சி, அப்புறம் ஒரு பட்டியல். தவிர்க்கும் விஷயங்களையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு பதற்றம் தரும் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். நம் லாரிக்காரர் பட்டியலில் காலியான கடைக்குப் போவது 35, சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் நிற்பது 70, சாலையோரப் பையைக் கடந்து கார் ஓட்டுவது 90 என்று இருக்கலாம். 35லிருந்து தொடங்குவார்கள். உள்ளே போய்விட்டு ஓடி வரக்கூடாது. பதற்றம் இறங்கும்வரை, ஏறக்குறைய அரை மணி, முக்கால் மணி, அங்கேயே இருக்க வேண்டும். நாளைக்கும் அதே கடை.

அதற்குப் பிறகு நினைவு. கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாளை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். "அன்றைக்கு வண்டி நின்றது" என்று சொல்வதில்லை. "வண்டி நிற்கிறது, டீசல் வாசனை வருகிறது" என்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இதைப் பதிவு செய்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்கள், தினமும் கேட்க வேண்டும். கேட்கவே கொடுமையாக இருக்கிறது, இல்லையா? முதல் தடவைகள் கொடுமைதான். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு பலருக்கு அது, நடந்து முடிந்துபோன ஒரு விஷயமாக மாறத் தொடங்குகிறது. விட்டுப்போன துண்டுகளும் வந்து சேரும். "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, ரேடியோவில் உதவி கேட்டுக் கத்தியது ஞாபகம் வரும்.

"என் மேல்தான் தப்பு" என்பதை மட்டும் விடவே மாட்டேன் என்கிறார். பேசி என்ன ஆகும்?

இதற்கென்றே இன்னொரு முறை இருக்கிறது. உளவியலாளர் பட்ரிசியா ரெசிக் உருவாக்கியது, வழக்கமாக 12 செஷன். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தொடங்கிய முறை இது என்பதைச் சொல்லியாக வேண்டும். சிப்பாய்களுக்கு இன்று கிடைப்பதில் பாதி, அந்தப் பெண்களிடமிருந்து வந்த கொடை.

இதில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவ்வளவு முக்கியமில்லை. நடந்ததிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட தீர்ப்புதான் முக்கியம். அது ஏன் நடந்தது என்று நினைக்கிறார் என்பதை முதலில் ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். "அன்று நான் இடம் மாறி உட்காராமல் இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டான்" மாதிரி ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கும். மனசு சிக்கிக்கொண்ட இடம் அது. "அப்படி நினைக்காதீர்கள்" என்று தெரபிஸ்ட் சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார். குண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போது உங்களுக்குத் தெரியுமா? இடம் மாறச் சொன்னது யார்? குண்டை வைத்தது யார்? இப்போது தெரிந்ததை வைத்து அன்றைய உங்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்களா? பதில்களை அவரே தாளில் எழுதுவார். நோட்டுப் புத்தகமும் வீட்டுப்பாடமும் நிறைய. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு.

உண்மையிலேயே தப்புச் செய்தவர் என்றால்?

கஷ்டமான கேள்வி. ஒரு சிப்பாய் சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த காரைச் சுட்டார், உள்ளே ஒரு குடும்பம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய் "உங்கள் தப்பு இல்லை" என்று தடவிக்கொடுத்தால் அடுத்த வாரம் வர மாட்டார். பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே போன்றவர்கள் இதை 'அறக்காயம்' என்ற பொருளில் தனியாகப் பிரித்துப் பேசினார்கள். பயத்தால் வந்த காயத்துக்கும், தன் மனசாட்சியை மீறியதால் வந்த காயத்துக்கும் ஒரே மருந்து போதாது. இதற்கான ஒரு முறையில், அவர் மதிக்கும் ஒருவர், அப்பாவோ பழைய சுபேதாரோ, எதிரே காலி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு அந்த மனிதர் என்ன பதில் சொல்வார் என்று அவரே சொல்ல வேண்டும். குற்றம் இருந்தால் அது இருக்கட்டும். மிச்ச வாழ்க்கையில் அதை எப்படிச் சுமப்பது, எதைக் கொண்டு ஈடுகட்டப் பார்ப்பது என்பதுதான் அங்கே பேச்சு.

வேறு முறைகள்?

கண்ணை இடம் வலமாக அசைத்தபடியே நினைவை எடுத்துப் பார்க்கும் ஈஎம்டிஆர் உண்டு. அமெரிக்க முன்னாள் படையினர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதல் முன்னிறுத்தும் மூன்று முறைகளில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டும் மேலே சொன்ன ஃபோவா, ரெசிக் முறைகள்தான். ஐந்தே செஷனில் எழுதி எழுதிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. பேச வாய் வராதவருக்கு நல்ல தொடக்கம்.

பட்டாளத்துக்கே போகாத ஒரு தெரபிஸ்டுக்கு என்ன புரியும்?

வியட்நாம் வீரர்கள் கேட்டதும் இதைத்தான். 1970ல் நியூயார்க்கில், போர் எதிர்ப்பு அமைப்பில் இருந்த முன்னாள் வீரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், சாயிம் ஷாட்டன் என்ற மனநல மருத்துவர்கள் அதில் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டருக்கு மேஜை கிடையாது. அவர்களும் வட்டத்தில் ஒரு ஆள். இந்த நோய்க்கு அப்போது அதிகாரப்பூர்வப் பெயர்கூட இல்லை. அந்தக் கூட்டங்களில் கேட்டதையும் வைத்துப் போராடித்தான் 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பிடிஎஸ்டி இடம்பிடித்தது. அதற்கு முந்தைய வருஷமே, மருத்துவமனை வாசனை இல்லாமல் கடைத்தெருவில் நுழைவது போல நுழையக்கூடிய 'வெட் சென்டர்'களுக்கு, அதாவது முன்னாள் வீரர்களுக்கான ஆலோசனை மையங்களுக்கு, வழி பிறந்துவிட்டது. இன்று அவை சுமார் 300. அங்கே வேலை செய்பவர்களில் கணிசமானவர்கள் முன்னாள் வீரர்கள்.

சக வீரரிடம் பேசுவது கதவைத் திறக்கும். ஆனால் மேலே சொன்ன முறைகளுக்கு அது மாற்றாகாது என்பது என் எண்ணம். முதல் செஷனிலேயே தெரபிஸ்டிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "படையினரைப் பார்த்த அனுபவம் உண்டா? எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்?" மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எல்லாருக்கும் குணமாகிவிடுமா?

இல்லை. 2015ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, ஃபோவா, ரெசிக் முறைகளில் சிகிச்சை பெற்ற படையினரில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் 70 சதவீதம் வரை நன்றாகத் தெரியும் அளவுக்குத் தேறினார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, முடிந்த பிறகும் பிடிஎஸ்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ராத்திரி நாலு தடவை எழுந்தவர் ஒரு தடவை எழுகிறார், கையை ஓங்கியவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

பழசைக் கிளறினால் இன்னும் மோசமாகாதா?

தொடக்கத்தில் சிலருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் கூடும். இது தற்காலிகம். அதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் பெரிய கவலை. 916 முன்னாள் வீரர்களை வைத்து 2022ல் வெளியான ஆய்வில் அந்த இரண்டு முறைகளிலும் ஏறக்குறைய பாதிப் பேர் முழுசாக முடிக்கவில்லை. மூன்றாவது, நான்காவது செஷனில் "இது எனக்கு ஒத்துவராது" என்று சொன்னால், வீட்டார் "சரி விடுங்க" என்று சொல்லும் முன், தெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்கலாம், முறையையே மாற்றலாம்.

மாத்திரை போட்டால் போதாதா?

செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் ஆகிய மூன்றையும் 2023 வழிகாட்டுதல் ஏற்கிறது. இருந்தாலும் பேச்சு சிகிச்சைதான் முதலில். தூக்கத்துக்கென்று தரும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகள் பிடிஎஸ்டிக்கு வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தக்கூடாது. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான்.

முதலில் குடியை நிறுத்தட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்கிறார்களே?

ராணுவக் கேன்டீன் கோட்டாவில் மாசாமாசம் பாட்டில் வீட்டுக்கே வரும்போது இது சும்மா வரும் கேள்வி இல்லை. பலருக்குக் குடி என்பது கனவு இல்லாமல் தூங்குவதற்கான மருந்து. அந்தக் கனவு அப்படியே இருக்க, பாட்டிலை மட்டும் பிடுங்கினால் எத்தனை நாள் தாங்கும்? இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தரலாம். குடிப்பதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதில்லை. திடீரென்று மொத்தமாக நிறுத்துவது மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் நடக்கட்டும், சிலருக்கு வலிப்பு வரும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

நடந்ததைச் சொல்லச் சொல்லித் துருவ வேண்டாம். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள். கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் ஜூலை 4 வாணவேடிக்கைக்கு முன்னாள் வீரர்கள் படும் பாட்டை நம் தீபாவளியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். எந்த நேரம் வெடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். தெருப் பையன்களிடம் சொல்லிவிட்டு வெடிக்கச் சொல்லலாம்.

அவருக்காக எல்லாவற்றையும் நீங்கள் செய்துகொண்டே இருப்பதும் தவிர்ப்புக்குத் துணைபோவதுதான். கடைக்கு நீங்களே போய்விட்டால் அந்த 35 மதிப்பெண் கடை அவருக்கு என்றைக்கும் 35தான்.

சாவைப் பற்றிப் பேசினால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. வங்கியில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் என்றால் துப்பாக்கி வீட்டில் இருக்கலாம். அன்றைக்கே அது வேறிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கே போவது? வெளியே தெரிந்துவிடுமா?

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம், இலவசம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப் பிரிவும் தொடங்கினார்கள். முன்னாள் படையினருக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேளுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயங்கினால் வீடியோவில் பேசலாம். அதுவும் நேரில் போவதற்கு ஈடாகவே பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு.

அப்பாவுக்கு 74 வயது. ரிட்டயர்மென்டுக்குப் பிறகு செய்த வேலையையும் விட்ட பிறகுதான் ராத்திரியில் கத்துகிறார். இத்தனை வருஷம் இல்லாதது இப்போது எப்படி? இனிமேல் சிகிச்சை பலிக்குமா?

வேலை, பிள்ளைகள் படிப்பு, வீடு கட்டுவது என்று இருந்தவரை மனசுக்கு நேரமில்லை. கை ஓய்ந்ததும் பழைய நினைவு வந்து நிற்கிறது. வியட்நாம் வீரர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். வயது ஒரு தடை இல்லை. எழுபதைத் தாண்டியவர்களும் இந்தச் சிகிச்சைகளை எடுத்துக்கொண்டு முடித்திருக்கிறார்கள். முதலில் இதயம், காது, மறதி மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். தூக்கத்தில் கத்துவது, கை கால் உதைப்பது வேறு நோய்களாலும் வரலாம், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். பிறகு, அவரிடம் "மனநல டாக்டர்" என்று தொடங்காமல், "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்பா" என்று சொல்லிப் பாருங்கள். பொய் இல்லை, தூங்கத்தானே கஷ்டப்படுகிறார்.